நாற்பத்தொரு நாள்

என் அண்ணனின் உடம்புக்குள் இரும்பு இருப்பதை முதலில் பார்த்தது நான்தான்.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இருபது வருஷம் ஆகிறது. அன்றைக்கு அண்ணன் என் மேஜையில் வந்து படுத்ததே பெரிய காரியம். மூன்று மாதமாக அவனுக்கு வலது கால் மரத்துப்போகிறது என்று அவன் வேலை பார்க்கும் டயர் கடையின் முதலாளி எனக்குப் போன் செய்து சொல்லியிருந்தார். ஜாக்கியை எடுக்கக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம். கேட்டால், "ஒண்ணுமில்ல குட்டி, வயசாகுதில்ல" என்றான். நாற்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா என்று திட்டி, காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன்.

முதுகுப் படம் திரையில் வந்தது. தண்டுவடத்தை ஒட்டிப் பட்டாணி அளவில் ஒரு துண்டு, வெள்ளை வெளேரென்று. தோள்பட்டைக்குக் கீழே இன்னும் ஐந்து, பொடிப்பொடியாக. எலும்பு அவ்வளவு வெள்ளையாக இருக்காது. பித்தானோ ஊக்கோ மேஜையில் கிடக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தேன். மேஜை சுத்தமாக இருந்தது. அவன் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தான்.

"முதுகுல இந்தத் தழும்பெல்லாம் என்னண்ணா?"

"அதான் உனக்குத் தெரியுமே. ரயில்ல இருந்து குதிச்சப்ப ஜல்லி குத்தினது."

ஜல்லி படத்தில் இப்படித் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும். எலும்பு டாக்டர் படத்தை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "உங்க அண்ணன் ராணுவத்துல இருந்தாரா?" என்று கேட்டார்.

இருபது வருஷமாகக் கூட வேலை செய்யும் யாரிடமும் நான் வாய் திறக்காத விஷயம் அது. "இருந்தார் சார்" என்றேன்.

"வெடிச் சிதறல். உள்ளயே இருந்து இப்ப கொஞ்சம் கொஞ்சமா நகருது. நரம்பை அழுத்த ஆரம்பிச்சிருக்கு. இதை எடுத்துப் பழகினவங்க ராணுவ ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க. முன்னாள் படைவீரர்னா உடனே சேர்த்துப்பாங்க, கூட்டிட்டுப் போங்க."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? என் அண்ணன் முன்னாள் படைவீரன் இல்லை, ஓடிப்போனவன்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், போர் நடந்துகொண்டிருந்தபோது, அவன் ராணுவத்தில் லாரி ஓட்டினான். போர் முடிவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து நின்றான். தலையில் காதிலிருந்து காதுவரை தையல் தழும்பு, கையில் ஒரு தாள். தாளை அப்பா வாங்கி வாசித்தார். அப்பா கொத்தனார்; எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதனால் ஒவ்வொரு சொல்லும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நாற்பத்தொரு நாள் தலைமறைவு. போர்முனைக்கு இருநூறு கிலோமீட்டர் பின்னால் சாதாரண உடையில் பிடிபட்டார். காயங்கள் பணியின்போது ஏற்பட்டவை அல்ல. நடத்தை திருப்தியற்றது. பணியிலிருந்து நீக்கம்.

அப்பா தாளை மடித்து அவனிடமே கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், சாகும்வரை, அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார் என்னிடம். இவன் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பான். நான் திரும்பி, "அண்ணா, சாப்பிட வா" என்பேன். இப்படியே ஒன்பது வருஷம்.

தெருவில் அவனுக்கு 'ஓட்டம்' என்று பெயர் வைத்தார்கள். வண்டியைக் கொண்டுவருகிறவர்கள்கூட, "ஓட்டம்கிட்ட குடு, பஞ்சரை ஒட்டிட்டு ஓடியே வந்துருவான்" என்று சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பெண் பார்த்து நிச்சயம் ஆன ஒரு கல்யாணம் நின்றுபோனது. கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ரேடியோ என்று இருந்துவிட்டான்.

மறுநாள் அந்த அறைக்குப் போனேன். ஓரமாகப் பழைய டியூப்கள் தொங்கின. ரப்பர் பசை நெடி மூக்கில் ஏறியது. படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன்.

"ரயில்ல இருந்து குதிச்சன்னு உனக்கு யாருண்ணா சொன்னா?"

"அவங்கதான். மிலிட்டரி போலீஸ்."

"அவங்க சொன்னாங்களா? உனக்குத் தெரியாதா?"

அவன் படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். நான் சரியாகத் திருப்பிக் கொடுத்தேன்.

"கண்ணு முழிச்சப்ப கட்டில் பக்கத்துல ரெண்டு பேர் நின்னாங்க. ஓடிவந்தியா, ரயில்ல இருந்து குதிச்சியான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"ஏன் ஆமான்ன?"

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல குட்டி. காலைல லாரியை ஸ்டார்ட் பண்ணது ஞாபகம் இருக்கு. அப்புறம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில். நடுவுல ஒண்ணுமில்ல. பெரிய ஆளுங்க சொல்றாங்க, காகிதத்துல வேற எழுதியிருக்கு." படத்தை மடியில் வைத்தான். "அதுக்கு முந்தின வாரம் பூரா ஓடிடலாம்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். அவ்வளவு பயம். அதான், ஓடிட்டேன்னு அவங்க சொன்னப்ப, சரி, செஞ்சிட்டோம்போலன்னு நம்பிட்டேன்."

அவன் ஓடினானா இல்லையா என்று அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. நாங்களும் ஒருத்தர்கூட, "நிஜமாவே ஓடினியா?" என்று கேட்டதில்லை. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தாளில் இருந்தது, அது போதுமென்று இருந்துவிட்டோம்.

ராணுவ மருத்துவமனையில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. வரவேற்பில் இருந்தவர் தாளின் கடைசி வரியை வாசித்தார். படத்தைப் பார்க்கவே இல்லை. "இவருக்கு இங்க உரிமை இல்லம்மா. பதிவு தப்புன்னா திருத்திட்டு வாங்க. அதுக்குன்னு ஒரு வாரியம் இருக்கு."

வாரியம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அண்ணன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிக்குப் படி நின்று ஏறினான். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் சரியில்லாத அலுவலகத்தை மூன்றாவது மாடியில் வைத்த மகராசன் யாரோ!

அங்கே இருந்த எழுத்தர் தலை நரைத்த மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். எங்கள் விண்ணப்பத்தை வாசித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"தப்பு தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். நீங்க இருபத்து மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க."

"எங்களுக்கே இப்பதான் சார் தெரியும்."

"அதை எங்க எழுதியிருக்கீங்க? டிஸ்சார்ஜ் தேதியைப் போட்டிருக்கீங்க. எக்ஸ்ரே எடுத்த தேதியைப் போடுங்க. தப்புன்னு எப்ப தெரிஞ்சுதுன்னுதான் கேள்வி." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் இன்னொண்ணு. உடம்புல இரும்பு இருக்குங்கறது மட்டும் பத்தாது. அது எங்க, எப்ப ஏறுச்சுன்னு கேப்பாங்க. இங்க ஒரு வரியை மாத்தணும்னா பத்து காகிதம் வேணும்மா. அந்த நாற்பத்தொரு நாளும் இவர் எங்க இருந்தார்னு காட்டுங்க."

எனக்குத் தெரிந்த ஒரே இடம் மருத்துவமனைதான். அங்கிருந்தே தொடங்கினேன். அண்ணன் கண்விழித்த பொது மருத்துவமனை ரயிலில் எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது. அங்கே பதிவேட்டு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைப் போலவே நீலக் கோட்டுப் போட்ட ஒருத்தி. பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட நோயாளிக் கோப்புகளையெல்லாம் எரித்துவிட்டார்கள் என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டரை மட்டும் எரிக்க மாட்டாங்க. ஆனா அது கீழே கிடங்குல கிடக்கு. கரையான் தின்னது போக மிச்சம்" என்றாள்.

இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். அரை நாள் தேடினோம். அந்த வருஷத்துப் பதிவேட்டின் முதுகு பிய்ந்திருந்தது, பக்கங்கள் பிழைத்திருந்தன. பன்னிரண்டாம் தேதி, காலை ஆறேகால். 'அடையாளம் தெரியாத ஆண், சுமார் இருபத்தைந்து வயது, மண்டையோடு உடைவு, முதுகில் பல காயங்கள். போர்முனை மருத்துவ முகாமிலிருந்து பேருந்தில் வந்த முப்பத்து நான்கு ராணுவ நோயாளிகளில் ஒருவர்.' அதே வரியில் பிறகு யாரோ வேறு மையில் அண்ணனின் பெயரையும் படை எண்ணையும் சேர்த்திருந்தார்கள். அவன் தன் எண்ணைச் சொல்லும் அளவுக்குத் தெளிந்த தேதியும் இருந்தது. விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்தொரு நாள்.

தலைமறைவு என்று அவர்கள் எழுதிய அத்தனை நாளும் அவன் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் வார்டில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். முகாமில் ரத்தம் தோய்ந்த சீருடையை வெட்டி எடுத்திருப்பார்கள். படை எண் பொறித்த தகடும் அதோடு போயிருக்கும். யாரோ தானம் கொடுத்த சட்டையைப் போட்டிருக்கிறார்கள். அதுதான் அவன் பிடிபட்ட 'சாதாரண உடை'. அந்த மிலிட்டரி போலீஸ் இந்தப் பதிவேட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பக்கத்தில் வந்து, "உங்க ஆளா?" என்றாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த காகிதம் படைப்பிரிவின் நாட்குறிப்பு. போர்க்காலத்தில் ஒவ்வொரு பிரிவும் தினமும் எழுதி வைக்கும் குறிப்பு அது. நகல் கேட்டு எழுதினேன். ஏழு மாதம் ஆனது. அதற்குள் அண்ணனுக்கு வலது கால் முழுக்கப் போய், இடது காலிலும் மரத்துப்போக ஆரம்பித்தது. அவனை என் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். டயர் கடை முதலாளி பிடித்துக்கொண்டு நடக்க ஒரு நடைவண்டி வாங்கிக் கொடுத்தார்.

நகல் வந்த அன்று மத்தியானம் அவன் எதிரில் உட்கார்ந்துதான் உறையைக் கிழித்தேன். ஒரே ஒரு பக்கம். சத்தமாக வாசித்தேன்.

"பதினொன்றாம் தேதி. காலை பத்து நாற்பது. பதினேழாம் எண் லாரி கண்ணிவெடியில் சிக்கி அழிந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குழு சென்று பார்த்தது. ஒருவர் பலி. ஓட்டுநரைக் காணவில்லை. தப்பியோடியதாகக் கருதப்படுகிறது."

"பாத்தியா அண்ணா! கருதப்படுகிறதாம்! எவனோ கருதினான், அதை இன்னொருத்தன் அப்படியே எடுத்து உன் தாள்ல எழுதிட்டான். அவங்க வர்றதுக்கு முன்னாடியே வேற ஏதோ ஆம்புலன்ஸ் உன்னைத் தூக்கிட்டுப் போயிருக்கு. மறுநாள் காலைல நீ இருநூறு கிலோமீட்டர் தாண்டி தியேட்டர்ல கிடக்கற."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஒருத்தர் பலின்னு வாசிச்சியே. யாரு?"

பக்கத்தின் அடியில் எண்ணும் பெயரும் இருந்தன. எனக்குப் பழக்கமில்லாத பெயர். வாசித்தேன்.

"திரும்ப வாசி."

திரும்ப வாசித்தேன்.

"வாத்து" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"வாத்து மாதிரி நடப்பான். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். என் பக்கத்து சீட்டுல எப்பவும் அவன்தான்." அவன் கை தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, அந்தத் தொடையில் உணர்ச்சியே இல்லையென்றாலும். "நான் ஓடிவந்துட்டேன்னு கோவம், அதான் ஒரு லெட்டர்கூடப் போடலன்னு நெனச்சிட்டு இருந்தேன். எங்கயாவது பஸ் ஸ்டாண்டுல பாத்தா மூஞ்சியில துப்புவான்னு பயந்துட்டு இருந்தேன் குட்டி. இத்தனை வருஷமா."

அவனுக்கு ஒரு சாட்சியைக் கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி நான் குதித்துக்கொண்டு வாசித்திருந்தேன். தாளை மடித்துக் கீழே வைத்தேன். அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

விசாரணைக்கு அதன் பிறகு நாலு மாதம். இந்த முறை எழுத்தரே இரண்டு காவலாளிகளைக் கூட்டி வந்து அண்ணனை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கச் செய்தார். நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், வழக்கறிஞர் அம்மா ஒருவர், டாக்டர் ஒருவர்.

அதிகாரி, "அன்னைக்கு என்ன நடந்ததுன்னு உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

"தெரியாதுங்க ஐயா."

"தெரியாதுன்னா, நீங்க ஓடலன்னு மட்டும் எப்படிச் சொல்றீங்க?"

"நான் சொல்லலையே. என் தங்கச்சிதான் சொல்றா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. வழக்கறிஞர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். அண்ணன் நையாண்டி செய்யவில்லை, உண்மையைத்தான் சொன்னான். "ஓடணும்னு நெனச்சேங்க. அதை மறைக்கல. ஓடினேனான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

டாக்டர் எழுந்து எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தியேட்டர் பதிவேட்டின் நகலையும் நாட்குறிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தேதிகளின் மேல் விரலை ஓட்டினார். "இதுல விசாரிக்க என்ன இருக்கு?" என்றார் மற்ற இருவரிடமும். அதிகாரி பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரம் புதிய தாள் பதிவுத் தபாலில் வந்தது. தலைமறைவு என்ற பத்தி இல்லை. அந்த இடத்தில் 'போர்க்காயம், மருத்துவமனையில் 41 நாள்' என்று இருந்தது. நடத்தை: நன்று. கௌரவமான விடுவிப்பு. 'முந்தைய பதிவில் நேர்ந்த எழுத்துப் பிழைக்கு வருந்துகிறோம்' என்று இணைப்புக் கடிதத்தில் ஒரு வரி. எழுத்துப் பிழையாம்!

அதே வாரம் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். இந்த முறை வரவேற்பில் இருந்தவர் எழுந்து நின்றார். அறுவை நிபுணர் என் முதல் படத்தையும் புதிதாக எடுத்ததையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார். இரண்டின் மூலையிலும் இருந்த தேதிகளைப் பார்த்தார். பதினாலு மாதம் இடைவெளி. "துண்டை எடுத்துடலாம். வலி குறையும்" என்றார்.

"கால்?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் இந்தத் தொழிலில் இருப்பவள் என்று அவருக்குத் தெரியும். அதனால் பொய் சொல்லவில்லை. "திரும்பாதும்மா. நரம்பு செத்துப்போச்சு."

எடுத்த துண்டைச் சிறு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள், "வாத்து பொண்டாட்டி எங்க இருக்கான்னு விசாரி" என்றான்.

எழுத்தர்தான் விலாசம் தேடிக் கொடுத்தார். கடிதம் போட்டேன். பதில் இல்லை. இன்னொன்று போட்டேன், அதற்கும் இல்லை. "நேரா போலாம்" என்றான். டயர் கடை வேனில் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு அவன் சக்கர நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று மணி நேரம்.

அவள் ஒரு பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தாள். கவுண்டர் கம்பிக்குள் முகம் தெரிந்தது: என் வயதுதான் இருக்கும், முன் தலை நரைத்து, வலது கட்டைவிரல் மையில் ஊறிக் கறுத்துப்போய். நான் யாரென்று சொன்னதும் அவள் கை அப்படியே நின்றது. "பன்னண்டு மணிக்கு சாப்பாட்டுக்கு இறங்குவேன். வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சீட்டுக் கிழித்தாள்.

பன்னிரண்டுக்குக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஓய்வறைக்கு எங்களைக் கூப்பிட்டாள். ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குடம், சுவரில் நேர அட்டவணை. அவள் உட்காரவில்லை. அண்ணன் புதிய தாளை நீட்டினான். நின்றபடியே கடைசி வரிவரை வாசித்தாள்.

"எனக்கும் ஒரு லெட்டர் வந்துது அப்ப" என்றாள். "டிரைவர் விட்டுட்டு ஓடிட்டான், உதவிக்கு ஆளில்லாம ரத்தம் போய் இறந்தார்னு. எனக்கு இருபத்தி ரெண்டு வயசு. அன்னைல இருந்து தினம் காலைல எழுந்ததும் உங்களைத்தான் திட்டுவேன். பல்லு விளக்கறதுக்கு முன்னாடி."

"திட்டினது தப்பில்லம்மா" என்றான் அண்ணன்.

"தப்புதானே? இதோ எழுதியிருக்கே." தாளை மடிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். "இதை ஏன் என்கிட்ட கொண்டுவந்தீங்க? திட்டறதுக்காவது ஒரு ஆள் இருந்தான் எனக்கு."

வெளியே ஒரு வண்டி பின்வாங்கி வந்தது. நடத்துனர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

நான்தான் வாயைத் திறந்தேன். "ரத்தம் போய் இறந்தார்ங்கறதும் சரியா இருக்காதும்மா. ஆம்புலன்ஸ்காரங்க வந்து எங்க அண்ணனைத் தூக்கியிருக்காங்க. உங்க வீட்டுக்காரருக்கு உயிர் இருந்திருந்தா அவரையும் ஏத்தியிருப்பாங்க. அப்பவே, அந்த நிமிஷமே போயிருக்கணும்."

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணனிடம் கேட்டாள்: "கடைசியா என்ன பேசினார்?"

அண்ணன் அவளைப் பார்த்தபடி இருந்தான். ஏதாவது சொல்லிவிடேன் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. உங்க பேரைச் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொன்னால் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

"தெரியலம்மா. வெடிச்சது எனக்கு ஞாபகமே இல்ல. ஒண்ணுமே இல்ல" என்றான். "அதுக்கு முன்னாடி வரைக்கும் இருக்கு. சொல்லவா?"

அவள் சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் சொன்னான். முந்தின நாள் மழையில் எல்லோரும் நனைந்தது. இருந்த ஒரே சவரக் கத்திக்கு இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டது. அவள் எழுதிய கடிதம் நனைந்துவிடும் என்று அவர் அதைப் பாலிதீனில் சுற்றிப் பூட்சுக்குள் வைத்துக்கொண்டது. காலையில் லாரிக் கதவு சாத்தவே மாட்டேன் என்று அடம்பிடித்தது, அவர் கயிறு போட்டுக் கட்டியது.

"அவருக்கு இடது கைப் பழக்கம்" என்றாள் அவள்.

"ஆமா. இடது கையாலதான் முடிச்சு போட்டான். நான் கிண்டல் பண்ணேன். அப்புறம் லாரியை ஸ்டார்ட் பண்ணேன்." நிறுத்தினான். "அவ்வளவுதாம்மா."

அவள் இன்னும் ஏதோ வரும் என்பதுபோலக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் தாளை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்து குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். அவனுக்குத்தான் தரப் போகிறாள் என்று நினைத்தேன். அவளே குடித்தாள். "நான் மறுபடி கவுண்டர்ல உக்காரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது வேனில், "நான் பொய் சொல்லியிருக்கணுமா குட்டி?" என்று கேட்டான்.

"தெரியலண்ணா" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பத்து நாள் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. அவள்தான். எப்படி இருக்கிறீர்கள் என்றெல்லாம் இல்லை. "லெட்டரை பூட்ஸுல வெச்சார்னு சொன்னாரே, எந்தக் காலுன்னு கேட்டுச் சொல்லுங்க." போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டேன். அண்ணன் கண்ணை மூடி யோசித்தான். "வலது" என்றான். சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

அண்ணன் அடுத்த வருஷம் இறந்தான். படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டது. ராணுவத்திலிருந்து ஆறு பேர் சீருடையில் வந்து, பெட்டியின்மேல் கொடி போர்த்தி, துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். தெருவே திரண்டு வந்து நின்றது. அவன் அந்தத் தாளோடு வந்தபோது எங்கள் அப்பாவிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "எங்களுக்கு அப்பவே தெரியும்மா, அவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு" என்றார்.

அழ வேண்டிய நேரம்தான் அது. எனக்கு அழுகை வரவில்லை. "எப்ப தெரியும்?" என்று கேட்டேன். அவர் காது கேட்காதவர்போலக் கூட்டத்துக்குள் நகர்ந்து போனார்.